இரண்டு புள்ளியும் ஒரு கோடும்

டீ நன்றாகத்தான் இருக்கிறது, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மயில்சாமி. மஞ்சூருக்குக் கீழே எஸ்டேட் ஆபீசில் வாட்ச்மேன். மழை வலுத்தால் மண் சரியும் என்று, தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் லைனுக்கு ஓடி, கதவு கதவாகத் தட்டி, ஆட்களை மேலே ஏற்றிவிடுவது என் வேலையாக இருந்தது. போன வருடம் அங்கே ஹாரன் கட்டினார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம், அதில் ஒரு பட்டன். அமுக்கினால் கீழே ஊதும். செய்து கொடுத்தது லிஜி, கூடலூர்ப் பெண்.

கீழ் லைன் சுடலைமுத்து சிரித்தான். "ஏனுங்க மயில்சாமிண்ணா, இனி உங்க தொண்டைக்கு லீவுங்களா?" அவன் மனைவி பாலாமணியும் சிரித்தாள்.

கம்ப்யூட்டரை நான் நம்புவதில்லை. அதனால் லிஜி வேலை செய்யும்போது பின்னாலேயே நின்று பார்ப்பேன். கேட்டால் சொல்லுவாள். ஹாரனை ஊத வைக்கும் ஃபைல் அந்தப் பக்கத்துக்குள் இல்லையாம். வேறு ஃபோல்டரில் இருக்கிறதாம். பக்கம்தான் அதைத் தேடிப் போய் எடுக்குமாம்.

"ஃபைல் பேருக்கு முன்னால இந்த ரெண்டு புள்ளியும் கோடும் எதுக்கு?"

"நிக்கிற எடத்துல இருந்து ஒரு படி மேல போய்த் தேடுன்னு அர்த்தம், தாத்தா. அது இல்லேன்னா இங்கயே தேடும். இங்க அதே பேர்ல நான் டெஸ்டுக்கு வச்ச ஃபைல்தான் இருக்கு. 'ஊதியாச்சு'ன்னு எழுத்து வரும், சத்தம் வராது."

மலையில் நாங்கள் வழி சொல்வதும் அப்படித்தான். நிற்கிற இடத்திலிருந்து மேலே, கீழே. எனக்கு உடனே பிடிபட்டது.

அவள் அதைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனபோது, அந்தப் புள்ளிகளையும் கோட்டையும் அழித்தேன். அவள் செய்கிற மாதிரியே சேவ் செய்தேன். ஹாரன் ஒரு தடவை ஏமாற்றட்டும், என்னைக் கூப்பிடுவார்கள் என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பிடித்தது. லைனில் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். லிஜி பட்டனை அமுக்கினாள். 'ஊதியாச்சு' என்று வந்தது. அந்த மழைச் சத்தத்தில் கீழே ஊதினாலும் மேலே கேட்காது.

நான் குடையைக் கையில் பிடித்தபடி நின்றேன். கீழே போய்வர நேரம் இருந்தது.

"ஏன் தாத்தா, ஒருத்தரும் ஏறி வரல?"

"வருவாங்க. உன் பட்டன் பொய் சொல்லுமா?" என்றேன்.

பிறகு மண் இறங்கியது. பாலாமணியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் மறுநாள்தான் எடுத்தார்கள்.

லிஜியை விட்டுவிடுங்கள், சார். அவள் எழுதியதில் பிசகில்லை. எனக்கு இப்போது எந்தக் கதவையும் தட்டக் கை வருவதில்லை. சொந்த வீட்டு வாசலிலேயே, மருமகள் வந்து திறக்கும்வரை நிற்கிறேன்.

ஓடியிருக்கலாமே என்கிறீர்கள். ஓடியிருப்பேன். 'தாத்தா, நீங்க போய்த் தட்டுங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் நின்றேன். கடைசிவரை சொல்லவே இல்லை.