கடைசிக் கதை

— கையை எடுங்க ஃபிர்மென் ஐயா. உங்க ரீலை மூணாவதா ஒட்டப்போறேன்.

— ஒட்ட மாட்டே. கடைசி இடம் எனக்குன்னு பட முதலாளி கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்கார், ஒதீல். ஆறு டைரக்டர்ல வயசுல மூத்தவன் நான்.

— கையெழுத்து இல்லேன்னு யார் சொன்னா? ஆறு பேர் ஆளுக்கொரு கதை எடுத்துக் குடுத்துட்டுப் போயிட்டீங்க. அதையெல்லாம் சேர்த்து ஒரு சிரிப்புப் படமா ஆக்கறது எடிட்டர் என் தலையில விழுந்திருக்கு. நாளைக்குக் காலையில லேபுக்குப் போகணும்.

— ஆக்கேன். என்னுதைக் கடைசியில வெச்சு ஆக்கு.

— சொல்றதைக் கேளுங்க. நேத்து மோந்த்ரோய் தியேட்டர்ல ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினோமே, நீங்களும் பின் வரிசையில இருந்தீங்க. முதல் கதைக்கு இருமல்தான் வந்துச்சு. பஸ்தியானோட பல் வைத்தியர் கதைக்கு அவன் அம்மா மட்டும் கை தட்டினாங்க. உங்களுதுக்கு? என் பக்கத்துல இருந்த இறைச்சிக்கடைக்காரர் சிரிச்சுச் சிரிச்சு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

— பாத்தேன்.

— பாத்துட்டுமா இந்தப் பிடிவாதம்?

— என்னமோ போ. வயசாச்சுல்ல.

— ஒன்பது வருஷமா உங்களை யாரும் படம் எடுக்கக் கூப்பிடல. மனசு நோகணும்னு சொல்லல.

— நொந்தா நோகட்டும். நிஜம்தானே.

— இந்தப் பதினாலு நிமிஷத்தைப் பாத்தா நாளைக்கே நாலு பேர் கூப்பிடுவாங்க. நாடு பூரா பாக்கணும் இதை. கடைசியில வெச்சா எவன் பாப்பான்?

— ஏன், கண்ணை மூடிக்குவாங்களா?

— தெரியாத மாதிரி கேக்கறீங்க. பாரிஸைத் தாண்டினா தியேட்டர்காரங்க என்ன பண்றாங்க? ஞாயித்துக்கிழமை ஒரு காட்சி கூடப் போடணும்னு கடைசிக் கதையைப் பெட்டியை விட்டே எடுக்கறதில்ல. 'முடிந்தது'ன்னு வருதே, அந்த ரெண்டு முழம் ஃபிலிமை மட்டும் வெட்டி, அஞ்சாவது கதை வாலுல ஒட்டிடறான் ஆபரேட்டர். தனித்தனிக் கதை, ஒண்ணு குறைஞ்சா யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒரு டைரக்டர் சொந்த ஊருக்கு மாமனாரைக் கூட்டிட்டுப் போய் ஜம்முனு உக்காந்திருந்தார். அவர் கதை வரவே இல்ல.

— கேள்விப்பட்டேன்.

— கேள்விப்பட்டுமா? நான் பஸ்தியானைக் கடைசியில போடறேன். சின்ன வயசு, தாங்கிப்பான்.

— பாவம், அவனை ஏன் இழுக்கறே?

— அவன் மேல எப்பலேருந்து இவ்வளவு பாசம்? இதைப் பாக்கறதுக்கு நிஜமாவே ஒரு பல்லைப் பிடுங்கிக்கலாம்னு நேத்து சொன்னது யாரு?

— நான்தான். இன்னிக்கும் அதான் சொல்வேன். ஆனா வெளியூர்ல ஓடறது அவனுக்கு வேணும், ஓடட்டும் விடு.

— உங்களுக்கு வேணாமா? எனக்குப் புரியல ஐயா. உங்க கதையில ஒருத்தியைப் புருஷன் விட்டுட்டுப் போயிடறான். அவ தினமும் அவனுக்கும் ஒரு தட்டு வெக்கறா. சூப் ஆறுது, பேப்பரை மடிச்சு வைன்னு அந்தத் தட்டைத் திட்டறா. ஒருத்தன் பூங்கொத்தோட கல்யாணம் பேச வந்து அந்த நாற்காலியில உக்காந்தா, அங்க ஆள் இருக்குன்னு கிளப்பி விடறா. நூறு தடவை இந்த மேஜையில ஓட்டிப் பாத்துட்டேன், இன்னும் சிரிப்பு வருது. எப்படித் தோணிச்சு உங்களுக்கு?

— தோணல. ஊர்லேருந்து பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி வந்து என்கிட்டச் சொன்னா, அழுதுகிட்டே. அதை நான் ஒரு விருந்துல வேடிக்கையாச் சொன்னேன். முதலாளி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, இதையே எடுடான்னார்.

— அழுதுகிட்டேயா?

— ஆமா. எடுக்கறப்பகூட எனக்கு உறைக்கல. அந்த நடிகைக்கு எப்படி முகத்தைத் தூக்கணும், எப்படிக் கரண்டியை வெக்கணும்னு நானே நடிச்சுக் காட்டினேன். நேத்து முந்நூறு பேர் சிரிச்சாங்க பாரு, அப்பதான் வெக்கமாப் போச்சு ஒதீல். நடுவுலயே எழுந்து போயிடலாமான்னு இருந்துச்சு.

— அப்ப அந்தக் கதையையே எடுத்துடச் சொல்லுங்களேன்.

— இன்னிக்குக் காலையில கடைகண்ணி திறக்கறதுக்கு முன்னாடியே போய் முதலாளி வாசல்ல நின்னேன். படத்துல சிரிப்பு வர்றதே உன்னுதுலதான், அதை எடுத்துட்டு என்னத்தைக் காட்டறதுன்னு விரட்டிட்டார். அங்கேருந்து நேரா இங்க வரேன். என் கையில இருக்கறது அந்தக் கடைசி இடம் ஒண்ணுதான்.

— வெளியூர்ல ஒருத்தர் கண்ணுலயும் படாம மறுபடியும் வீட்ல உக்காரணும். தெரிஞ்சே செய்யறீங்க. யாருக்காக ஐயா?

— எங்க ஊர் லிமோஷ்ல என் பொண்டாட்டி ஞாயித்துக்கிழமை தவறாம சினிமாவுக்குப் போவா. இன்னும் எனக்குத் தட்டு வெச்சுகிட்டுத்தான் இருக்கா.