லாயருக்கு எதற்குக் கெமிஸ்ட்ரி?

பள்ளி விடுமுறையின் கடைசிச் செவ்வாய். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஓர் அம்மாவும், படிவம் நான்குக்குப் போகும் பதினாறு வயது மகளும்.

“லாயராகணும்னா கெமிஸ்ட்ரி எடு,” என்றார் அம்மா.

“லாயருக்கு எதுக்கும்மா கெமிஸ்ட்ரி? நான் இலக்கியம் எடுக்கிறேன்.”

“லாயர் சீட் கிடைக்கலன்னா டாக்டருக்குப் போடலாம்ல?”

“லாயர் சீட்டே கிடைக்காதவளுக்கு டாக்டர் சீட் கிடைக்குமா?”

“அப்பா முடிவு பண்ணிட்டாரு. ஸ்கூல் திறந்ததும் டீச்சர்கிட்ட சயின்ஸ்னு சொல்லிடணும்.”

“நீங்க அப்பாகிட்ட பேசுங்கம்மா. ப்ளீஸ் லா.”

“அப்பாகிட்டயே வாய் திறக்க மாட்டேங்கிற. ஜட்ஜுகிட்ட என்னத்தப் பேசப்போற?”

ஷா ஆலம் நிலையம் வரை மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

“அப்பா, நான் ஆர்ட்ஸ்தான் எடுக்கிறேன். மூணு காரணம் இருக்கு. முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாதீங்க.”

அம்மா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றார்.