முந்நூறு டிகிரிக்கு முன்னாடி

மாமா: இன்னும் எவ்வளவு நேரம்?

மச்சினி: இப்பத்தான் உள்ள வச்சேன் மாமா. அடுப்புல வச்ச உடனே பொங்கறதுக்கு இது பாலா? கல்லு.

மாமா: சும்மா கல்லுன்னு சொல்லாதே. ஷேல் பாறை. ரெண்டாயிரத்து எண்ணூறு அடி துளை போட்டு எடுத்தது. என் முதுகு தேஞ்சு வந்த பாறை.

மச்சினி: சரி, உங்க முதுகுப் பாறை. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க... ஐயோ, போனைத் தொடாதீங்க!

மாமா: மணி பார்க்கலாம்னுதான்...

மச்சினி: சுவத்துல கடிகாரம் தொங்குதுல்ல? போன் சார்ஜ் ஆகுது. கவுத்து வச்சது கவுத்தபடியே இருக்கட்டும்.

மாமா: இந்த லேபுக்கு வந்தாலே பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு.

மச்சினி: ஊரெல்லாம் துளை போடறவருக்கு பல் டாக்டர்னா பயமா?

மாமா: பயமெல்லாம் இல்ல. ஆமா... நேத்து நான் கையால கொண்டாந்து குடுத்த துண்டுதானே உள்ள இருக்கு?

மச்சினி: அதேதான். "இதுதான் நல்ல துண்டு, இதையும் போட்டுப் பாரு"ன்னீங்களே. இடிச்சு மாவாக்கி ஒரு சிட்டிகை வச்சிருக்கேன்.

மாமா: ஒரு சிட்டிகைதானா?

மச்சினி: ருசி பார்க்க ஒரு கரண்டி போதாதா? அண்டாவையே குடிக்கணுமா?

மாமா: அது சரி. எண்ணெய் வந்துச்சுன்னா...?

மச்சினி: துளை போடற ரிக் இங்கயே நிக்கும். நீங்களும் நிப்பீங்க.

மாமா: வரலைன்னா?

மச்சினி: பதினஞ்சாம் தேதி முகாம் கிளம்பும். நீங்களும் கிளம்புவீங்க. அக்காதான் கிளம்ப மாட்டேன்னுட்டாளே.

மாமா: சொன்னா சொல்லட்டும். பத்து வருஷத்துல அஞ்சு வீடு மாறியாச்சாம். ஆறாவது வீட்டுக்கு நீங்களும் உங்க துளையும் மட்டும் போங்கன்னுட்டா. போறேன். எனக்கென்ன? குறட்டை விட்டா விலாவுல இடிக்க ஆள் இருக்காது. நிம்மதி!

மச்சினி: இதை அவகிட்டயே சொன்னீங்களா?

மாமா: சொன்னேனே. "தாராளமா இரு தாயே"ன்னேன். கும்பிடு வேற போட்டேன்.

மச்சினி: ரொம்ப நல்லது... நூத்தி எண்பது டிகிரி.

மாமா: இந்த அடுப்புல நெருப்பே காணோமே?

மச்சினி: நெருப்பு வச்சா எரிஞ்சு போயிடும். காத்தே படாம சூடு மட்டும் குடுக்கணும். பாறைக்குள்ள எண்ணெய் எண்ணெயாவா இருக்கும்? செத்துப்போன பாசியும் பூச்சியும் சேத்துல மக்கி, மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும். சூடு ஏற ஏற அது உடைஞ்சு எண்ணெயாகும். இன்னும் ஏத்தினா எண்ணெயும் உடைஞ்சு வாயுவாகும். பூமிக்கடியில கோடி வருஷம் ஆகற வேலை, இங்க அரை மணி நேரம்.

மாமா: அவசரக் குடுக்கைங்க.

மச்சினி: ஸ்டூல் நுனியில உட்கார்ந்துக்கிட்டு யாரு யாரைச் சொல்றது? இருங்க... அட!

மாமா: என்ன? என்ன?

மச்சினி: எண்ணெய் வருது.

மாமா: பார்த்தியா! நான் சொன்னேன்ல! திரையில மலை மாதிரி ஏறுதே... அதானே?

மச்சினி: அதான். ஆனா இருநூத்தி இருபதுலயே...

மாமா: எந்த டிகிரியில வந்தா என்ன? வந்துச்சா, இல்லையா?

மச்சினி: அப்படி இல்ல மாமா. மெழுகு உடைஞ்சு வர்ற எண்ணெய் நானூறு தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். நம்ம பெரியப்பா மாதிரி, எவ்வளவு நச்சரிச்சாலும் லேசுல வாயத் திறக்காது. முந்நூறுக்கு முன்னாடியே ஓடி வர்றது, ஏற்கனவே எண்ணெயா ஒட்டிக்கிட்டு இருந்தது.

மாமா: ஏன், கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாதா?

மச்சினி: கொஞ்சம் இருக்கலாம். இது குளிச்சுட்டே வந்திருக்கு.

மாமா: பூமிக்குள்ள என்னென்ன நடக்குதோ, யார் கண்டா... டீசலா மட்டும் இருக்காது.

மச்சினி: டீசல்னு யாரு சொன்னா?

மாமா: யாரும் சொல்லலை. அதனாலதான் இருக்காதுன்னு சொன்னேன்.

மச்சினி: எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல.

மாமா: இப்ப எதுக்கு என் மாமனாரை இழுக்கறே?

மச்சினி: நேத்து அக்கா கேட்டா. பிள்ளைக்கு இருமல் மருந்து சொட்டு விடற பில்லர் ஏன் டீசல் நாத்தம் அடிக்குதுன்னு. நல்லவேளை, குடுக்கறதுக்கு முன்னாடி மோந்து பார்த்தா.

மாமா: அவ மூக்கைக் கொண்டாந்து இங்க மாட்டினா, இவ்வளவு மிஷினே வேண்டாம்.

மச்சினி: எத்தனை சொட்டு?

மாமா: எது?

மச்சினி: மாமா...

மாமா: மூணு.

மச்சினி: மூணு சொட்டுக்கா இந்த மலை?

மாமா: ஒரு பில்லர்... சரி, ரெண்டு. முதல்ல ஊத்தினது உள்ளயே இறங்கலை. வழிஞ்சு என் செருப்புல போச்சு.

மச்சினி: ஷேல் எங்க குடிக்கும்? இருபது வருஷமா அதைத் துளைக்கிறவருக்கு இது தெரியாதா?

மாமா: எண்ணெய்க்கு எண்ணெய் சரியாப் போயிடும்னு நினைச்சேன். உங்க அடுப்பு இப்படி போலீஸ் மாதிரி விசாரிக்கும்னு எனக்கென்ன தெரியும்?

மச்சினி: இருங்க, இருங்க. முந்நூறு தாண்டிடுச்சு. உங்க டீசல் தீர்ந்தது. இனிமே வர்றதுதான் பாறையோட சொந்தச் சரக்கு.

மாமா: அப்ப இன்னும் வழி இருக்கு?

மச்சினி: முந்நூத்தி எண்பது.

மாமா: வரும். என் துளை வீணாப் போனதில்ல.

மச்சினி: நானூறு.

மாமா: கோடு ஆடுது! ஆடுது பாரு!

மச்சினி: ஆடறது நீங்க. மேசையில இருந்து கைய எடுங்க.

மாமா: வா... வந்துடு தாயே...

மச்சினி: நானூத்தி அம்பது.

மாமா: படுத்தே கிடக்குதே.

மச்சினி: ஐநூறு.

மாமா: அடுப்பு ரிப்பேரா?

மச்சினி: அடுப்புக்கு ஒரு கேடும் இல்ல. இது ஏற்கனவே வெந்த பாறை மாமா. எப்பவோ இன்னும் ஆழத்துல கிடந்து, அளவுக்கு மேல சூடு வாங்கி, எண்ணெயெல்லாம் வாயுவாகி, வாயுவும் விரிசல் வழியா ஓடிப்போச்சு. மிச்சம் இருக்கறது கரி. நீங்க வந்து சேர்ந்தது கோடி வருஷம் லேட்டு.

மாமா: அப்ப போகணும்.

மச்சினி: நிம்மதியாப் போங்க. விலாவுல இடிக்க ஆளு...

மாமா: சும்மா இரு.

மச்சினி: இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். நிம்மதிக்கு ஆசைப்படறவரு பிள்ளை மருந்து பில்லரை எதுக்குத் திருடணும்?

மாமா: உங்கக்கா இருக்காளே... அவளை இதே அடுப்புல அறுநூறு டிகிரியில வச்சாலும் ஒரு சொட்டு இரக்கம் வராது!

மச்சினி: ஐயையோ, மெதுவா...

மாமா: எதுக்கு மெதுவா? உள்ளதைத்தானே சொல்றேன்! "நீங்க இல்லாம எப்படி"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா அவ வாயிலேர்ந்து? வரலை.

மச்சினி: உங்க வாயிலேர்ந்து வந்துச்சா?

மாமா: ...வரலை. வீம்புக்கு வீம்பு.

மச்சினி: இப்பச் சொல்லிப் பாருங்க.

மாமா: உங்கிட்ட எதுக்கு?

மச்சினி: ஒத்திகைன்னு வச்சுக்கோங்க.

மாமா: போன மாசம் ஒரு வாரம் ரிக்லயே தங்கினேன்ல... பொட்டுத் தூக்கம் இல்ல. மிஷின் சத்தம்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அந்த மிஷின் பக்கத்துல இருபது வருஷமா தூங்கறவன் நான். இடிக்க ஆள் இல்லாமத்தான் தூக்கம் வரலை.

மச்சினி: அப்புறம்?

மாமா: அப்புறம் என்ன? புது வீட்டுல நான் மட்டும் போய் என்ன பண்ணப் போறேன்? சட்டைய எந்த ஆணியில மாட்டணும்னு கூட அவதான் சொல்லணும். எனக்கு டீசல் ஊத்தத் தெரியுது, "கூட வா"ன்னு கூப்பிடத் தெரியலை. பயமா இருக்கு. கூப்பிட்டு வரலைன்னா...? இந்த ரிப்போர்ட்டை ரெண்டு நாள் தள்ளி அனுப்பேன். அதுக்குள்ள ஏதாவது...

மச்சினி: ரிப்போர்ட் திங்கக்கிழமையே போயாச்சு மாமா.

மாமா: என்னது? இப்பத்தானே அடுப்பு...

மச்சினி: போன வாரம் பெட்டியில வந்த துண்டை வச்சு அப்பவே பார்த்தாச்சு. அதுவும் கரிதான். இன்னைக்கு இது உங்களுக்காக மட்டும் போட்டது. எதுக்கு டீசல் ஊத்தினாருன்னு அவர் வாயாலயே வரணும்னு அக்காதான் ஒத்தக் கால்ல நின்னா.

மாமா: அடிப்பாவி... இப்ப சொன்னதையெல்லாம் அவகிட்டப் போய்ச் சொல்லப் போறியா?

மச்சினி: நான் எதுக்குச் சொல்லணும்? அந்தப் போனை இப்பத் திருப்புங்க.

மாமா: ஐயோ... முப்பத்தஞ்சு நிமிஷமாவா ஓடுது? ஹலோ... இந்தா பாரு... அந்த அறுநூறு டிகிரி... சும்மா ஒரு பேச்சுக்கு...

அக்கா: அதை வீட்டுல வச்சுக்கலாம். மூணு பேர் துணியையும் நேத்தே ஒரே பெட்டியில கட்டிட்டேன், பாத்திரம்தான் பாக்கி. வர்றப்ப நாலு அட்டைப்பெட்டி எடுத்துட்டு வாங்க... டீசல் படாததா.