தட்டுல செத்த செல்லு

ஹலோ... ஹலோ, அத்தான்? கேக்குது, கேக்குது. லேப்லதான் இருக்கேன், மெஷின் சத்தம். இருங்க, வெளிய வந்துடறேன்... ம், சொல்லுங்க. அக்காவோட ரிப்போர்ட் வந்துடுச்சா?

வாய்ல நுழையலையா? பரவால்ல, எழுத்துக் கூட்டிப் படிங்க... ம்... ம்... கல்லீரல்லயும் பரவிடுச்சா? எலும்புலயும்?... இல்ல அத்தான். தப்பாப் படிக்கல. சரியாத்தான் படிச்சீங்க.

கட்டி எப்ப வந்துச்சாம்?... பத்து மாசமா! மார்ல கட்டிய வெச்சுக்கிட்டு பத்து மாசம் வாயத் தொறக்கலையா? உங்ககிட்டகூடவா?... ஆமா, ஆமா, அழுத்தக்காரிதான், அதுக்காக இதுலயுமா...

என்னது? டாக்டர்கிட்ட போகாம கிரீன் டீயா?... தினம் எட்டு கப்பா?... யார் சொன்னாங்களாம்? தயங்காம சொல்லுங்க அத்தான்...

நானா.

ஆமா. சொன்னேன். உங்க வீட்டு அடுப்படில நின்னுதான் சொன்னேன். "கிரீன் டீ சத்த எடுத்துப் புத்துநோய் செல்லு மேல விட்டேன்க்கா, காலையில வந்து பாத்தா பாதி காலி"ன்னு குதிச்சேன். ஆனா அது தட்டுல அத்தான்! கண்ணாடித் தட்டுல வளத்த செல்லு! வாளி வாளியாக் குடிச்சாலும் அவ்வளவு சத்து ரத்தத்துல ஏறாது. நோய் வராமத் தடுக்குமான்னே இன்னும் உறுதியாத் தெரியல, வந்த கட்டிய அது என்ன பண்ணும்? இதையும் சொல்லியிருக்கணும்ல நான்! "நெஜமாவாடி?"ன்னு ரெண்டு தடவ கேட்டா. பெருமைல கேக்கறான்னு நெனச்சேன். பாவி, அப்பவே கட்டி இருந்திருக்கு...

குடுங்க. அவகிட்ட குடுங்க.

அக்கா... ம், நான்தான்... அழலக்கா, சளி... ஏன்க்கா? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல... பயமா?... "என் தங்கச்சி கண்டுபிடிச்சது"ன்னு நெனச்சுக் குடிச்சியா? அய்யோ, அப்படிச் சொல்லாதக்கா...

மருந்து இருக்கு. ஆமா, ஆமா, வலிய கொறைக்கலாம், வளராம கொஞ்ச காலம் பிடிச்சு வெக்கலாம்... முழுசாவா?...

அக்கா, உன்கிட்ட இன்னொரு தடவ அரைகுறையா சொல்ல மாட்டேன். முழுசாப் போகாது.

...

என்ன? அம்மாகிட்டயா?... டீ பேச்சே எடுக்கக் கூடாதா? பழி என் மேல விழுமா?... இப்பக்கூட என்னப் பத்தித்தான் யோசிப்பியா நீ?... இல்லக்கா. நானே சொல்லிடறேன்... சத்தியமெல்லாம் கேக்காத. பண்ண மாட்டேன்... அக்கா, அழாத. இதோ கிளம்பிட்டேன், பையகூட எடுக்கல, படில எறங்கிட்டு இருக்கேன்... அக்கா?... போன வெச்சுட்டியா?... ஹலோ?... ஹலோ?