வல்லத்து மாடியில் ஆறு மில்லி

இரண்டாம் ஷிப்டுக்கு ஒரகடம் போகும் பேருந்து. என் முன்சீட்டில் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "திங்கக்கிழம எங்க வூட்டு மாடியில மட்டும் ஆறு மில்லி மழைக்கா!" என் காது தானாக நீண்டது.

"இன்னாடி சொல்ற? அன்னிக்கு வல்லத்துல ஒரு தூறல்கூட இல்லியே!"

"மழைமானி வெச்சிக்கிறேன்ல. தினம் காலைல எட்டரைக்கு அளந்து வானிலைக் குழுவுக்கு அனுப்பணும். அன்னிக்கும் அனுப்பிட்டேன். அப்புறம் அண்ணாந்து பாத்தா, கீழ்வூட்டு அண்ணி ஈரப் புடவைய அதுக்கு நேர் மேல காயப்போட்டுக்கிறாங்க. அதுலேந்து சொட்டுன தண்ணிதான் அந்த ஆறு மில்லி."

"அய்யய்யோ! வாய மூடிகினு இருந்தா யாருக்குத் தெரியும்?"

"அத வெச்சுதானேக்கா அவங்க அடுத்த மழையக் கணிக்கிறாங்க? அளவு தப்புன்னா கணிப்பும் தப்பு. லைன்ல செக்கிங்ல நிக்கிறவ நான், கோணல் பீஸைப் பாஸ் பண்ணுவனா? போன் போட்டு உண்மையச் சொல்லிட்டேன். இனிமே என்னைச் சேத்துக்க மாட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

"இன்னா சொன்னாங்க?"

"'நீங்க சொல்லலன்னா வல்லம் பக்கத்துக்குத் தப்பாக் கணிச்சிருப்போம். உங்க அளவ இனிமே கண்ண மூடிகினு எடுத்துப்போம்'னாங்க. கொடிய மட்டும் மாத்திக் கட்டச் சொன்னாங்க."

அக்காள் அவள் தோளில் செல்லமாக ஒரு குத்து விட்டாள். "பெரிய ஆளுதான்டி நீ!"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார். "ஏம்மா, அப்போ இன்னிக்கு மழை வருமா?"

"அத அவங்க சொல்லுவாங்கண்ணே," என்றாள் அவள், நிமிர்ந்து உட்கார்ந்து. "நேத்து எவ்ளோ பேஞ்சிச்சின்னு கேளுங்க, நான் சொல்றேன்."