அவர் பெயரில் இருந்த வண்டி

வாரண்டி முடிந்த வண்டியை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்று யார் கேட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். நல்ல வண்டி மூன்று வருடத்தில் கெட்டுப்போகாது. மூன்றாவது வருடம் சொந்தக்காரருக்குக் காது கூர்மையாகிவிடும், அவ்வளவுதான். எதிர்வீட்டில் புதிது வந்து நின்ற அன்றிலிருந்து தன் வண்டியில் ஏதோ கடகடவென்று கேட்க ஆரம்பிக்கும்.

நீங்கள் என் கையெழுத்துக்காக வந்திருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். என் மாமனார் அங்கப்பன் கோத்தகிரி இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு ஓட்டினார், வண்டி தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது, அதில் என் மனைவி பிரவீனா இறந்தாள் என்று டைப் அடித்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் இடுப்பில் கட்டோடு படுத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "எம்புள்ளைய நானே கொன்னுபோட்டேனுங்க" என்று அழுகிறாராம். நீங்கள் எழுதியிருப்பதில் பொய் எதுவும் இல்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. அதனால் கையெழுத்துப் போட மாட்டேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

அது எங்கள் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த வண்டி. வெளிநாட்டிலிருந்து இறக்கியது. ஜீப்பைப் போல உயரம், உள்ளே ஏசி, தோல் இருக்கை. அப்போது கோயமுத்தூரில் அந்த மாதிரி வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மண்டப வாசலில் ரோஜா மாலை போட்டு நிறுத்தியிருந்தார். மணவறையைவிட அங்கேதான் கூட்டம். முகூர்த்தம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு பெரியவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார், பேரனுக்கு முன் சக்கரத்தைக் காட்டுவதற்காக.

ஆர்.சி. புத்தகம் அங்கப்பன் பெயரில் இருந்தது. நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "பேரு யாருதா இருந்தா என்னங்க மாப்பள? ஓட்டறது நீங்கதானுங்களே."

அதுவும் உண்மைதான். நான்தான் ஓட்டினேன். என் அப்பாவுக்குத் தாராபுரம் பக்கம் மழையை நம்பிய கொஞ்சம் பூமி. அதை வைத்துக்கொண்டு என்னை மெக்கானிக்கல் இன்ஜினியர் ஆக்கினார். கணபதியில் இருந்த அங்கப்பனின் பம்ப் ஃபவுண்டரியில் எனக்கு ஒரு கண்ணாடி அறையும், 'பங்குதாரர்' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டும் கிடைத்தன. வேலை என்னவென்றால், அவர் போக வேண்டிய இடத்துக்கு வண்டியை எடுப்பது. விசேஷ வீடுகளில் நாங்கள் போய் இறங்கினால் "வண்டி வந்துருச்சுங்கோ" என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். மூன்று வருடத்தில் ஒரு வீட்டிலாவது "மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வண்டிமேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் குடும்பத்தில் பேசாமல் இருக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அங்கப்பனைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவர் லாரியில் ஆரம்பித்தவர். மலையிலிருந்து உருளைக்கிழங்கு லோடு ஏற்றி, தானே ஓட்டி இறக்கியவர். பிறகு ஃபவுண்டரி வந்தது, தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு வந்தது, கோத்தகிரியில் பங்களா வந்தது. ஆனால் மலை இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. தன் பழைய அம்பாசிடரைக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து, "ஒரு சொட்டு டீசல் செலவில்லாம வந்துட்டனுங்க" என்று எதையோ ஜெயித்தவரைப் போல எல்லோரிடமும் சொல்வார். பெரிய வண்டியில் மலைக்குப் போனால் நான்தான் ஓட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அணைச்சுப்போடுங்க மாப்பள, சும்மா எதுக்கு ஓடுது?" என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்வார். நான் அணைக்க மாட்டேன். உச்சுக்கொட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அம்பாசிடரில் அணைத்தால் ஒன்றும் ஆகாது. அதன் பிரேக் ஓட்டுகிறவரின் காலை நம்பியது. பெரிய வண்டியின் பிரேக் இன்ஜினை நம்பியது. இன்ஜின் ஓடினால் விரலால் அமுக்கினாலும் நிற்கும். எனக்கு இது தெரியும். அங்கப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்கு எதையாவது சொல்வது அந்த வீட்டில் வழக்கமும் இல்லை.

வாரண்டி முடிந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பில் கிடா விருந்து. வண்டியை என்ன செய்வது என்று பேச்சு வந்தது.

"வாரண்டி முடிஞ்ச சாமானத்த வெச்சிருந்தா வைத்தியம் பாத்தே அழிஞ்சு போயிருவமுங்க" என்றார் அங்கப்பன். "கரூர்ல ஒருத்தர் கேக்கறாரு. தள்ளிப்போட்டுப் புதுசு எடுத்துப்போடலாம்."

"மாப்பளய ஒரு வார்த்தை கேக்கோணுமல்லங்க?" என்றார் ஒரு பங்காளி, மரியாதைக்காக.

அங்கப்பன் எலும்பை உறிஞ்சி இலையோரம் வைத்தார். "அவருக்கும் மூணு வருசம் ஆச்சுதல்லங்க. அந்த வாரண்டியும் முடிஞ்சுது. கரூர்க்காரரு ஒத்துக்கிட்டார்னா ரெண்டையும் சேத்தே குடுத்துப்போடலாம்."

பந்தி முழுவதும் சிரித்தது. மாமியார் குழந்தையம்மாள், "அட போங்க, மாப்பளயப் போயி" என்று அதட்டிக்கொண்டே சிரித்தார். எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த பிரவீனாவும் சிரித்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கரண்டி ஆடி என் வேட்டியில் குழம்பு தெறித்தது. நானும் சிரித்தேன். தமாஷ் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் கிணற்றடியில் அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டே, "அப்பா வெளையாட்டுக்குப் பேசறாருங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். கறை போகவில்லை.

கரூர்க்காரர் பார்க்க வருவதற்கு முன்பு உக்கடத்தில் அப்துல் நாசரின் ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டேன். வாரண்டி முடிந்த பிறகு அதை அவரிடம் காட்டியது அதுதான் முதல் தடவை. பிரேக் பூஸ்டரில் ரப்பர் கிழிந்திருப்பதாகச் சொன்னார்.

"இன்ஜின் ஓடற வரைக்கும் ஒண்ணும் தெரியாது சார். ஓட்டத்துல அணைச்சீங்கன்னா பெடல் கல்லு மாதிரி நின்னுக்கும். ஏறி நின்னாலும் அமுங்காது. பார்ட் சிங்கப்பூர்லருந்து வரணும், நான் சொல்லி வெக்கிறேன். அதுவரைக்கும் மலைக்கு மட்டும் கொண்டுபோயிராதீங்க."

சொல்லி வைக்க வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து, 'ஓடும்போது இன்ஜினை அணைக்காதீர்' என்று பட்டையாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினார். "வீட்ல நாலு பேரு எடுப்பாங்கல்ல சார்" என்றார். அக்கறையான மனிதர். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

சுங்கம் சந்திப்பைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டி அந்தத் தாளை உரித்தேன். பசை லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். வண்டிக்கு நான் செய்தது அவ்வளவுதான். ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தவில்லை.

வீட்டுக்குப் போய், நன்றாகப் பார்த்துவிட்டேன், வண்டி கல் மாதிரி இருக்கிறது, விற்க வேண்டாம் என்றேன். அங்கப்பன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோப்பில் பேசியது அவரையும் உறுத்தியிருக்கலாம். "படிச்சவரு சொல்றாரு. செரி, வெச்சுக்கலாமுங்க" என்றார். அந்த வீட்டில் என் பேச்சு எடுபட்டது அந்த ஒரு தடவைதான். கரூர்க்காரருக்கு அப்போதே போன் செய்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

பிரவீனாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நம்ம கல்யாண வண்டியல்லங்க. இருக்கட்டுமுங்க" என்றாள். கல்யாணப் பரிசுகள் சுற்றி வந்த ஜிகினாத் தாள்களைக்கூட மடித்து பீரோவில் வைத்திருந்தவள் அவள்.

மே மாதம் எல்லோரும் கோத்தகிரிக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன். ஏற்றத்தில் இன்ஜின் எப்படியும் ஓடத்தான் வேண்டும், பயமில்லை. எங்கள் மகள் லோகப்பிரியா வழக்கம்போல முதல் வளைவிலேயே அம்மா மடியில் தூங்கிப்போனாள். அந்த வண்டி அவளுக்குத் தொட்டில். எவ்வளவு வளைத்தாலும் பங்களா வாசலில்தான் கண் விழிப்பாள்.

மேட்டுப்பாளையத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அங்கப்பன் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். அன்று காலை எனக்குத் தலை சுற்றுகிறது என்றேன். "நீங்களே எடுங்க மாமா" என்று சாவியை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடமாக அதற்காகத்தான் காத்திருந்தவரைப் போல வாங்கிக்கொண்டார்.

"மாப்பளைக்கு எறக்கத்துலயும் டீசல ஊத்தோணும்" என்று மாமியாரிடம் சொல்லிச் சிரித்தார். "இன்னைக்குப் பாருங்க. கீழ போயி போன் பண்றேன், டீசல் முள்ளு அசைஞ்சுதா இல்லையான்னு."

பார்க்கலாமுங்க மாமா என்றேன்.

அவர் தனியாகப் போவதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் பிரவீனா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, "நானும் போய்ட்டு வந்தர்றனுங்க. போகலீன்னா சின்னம்மா கோவிச்சுக்குவாங்க" என்றாள். அவள் என் கணக்கில் இல்லை. இதைத் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் அங்கப்பனுக்கும் இடையில் இருந்த விஷயத்தில் அவள் வந்து மாட்டிக்கொண்டாள். கெட்ட நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தது உங்கள் தாளில் இருக்கிறது. அங்கப்பன் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பிழைத்துக்கொண்டார். பிரவீனா வண்டியோடு போனாள். உங்கள் ஆட்கள் இன்ஜின் சாவி அணைத்த நிலையில் இருந்ததைப் பார்த்ததும் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்த நாசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவர்ட்ட சொன்னீங்களா சார்?" என்று கேட்டார். "தாள் ஒட்டியிருந்ததே பாய், அவர் படிச்சிருக்க மாட்டார்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

இத்தனை நாள் பேசாமல் இருந்தவன் இப்போது ஏன் சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள். வருத்தம் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு இப்போது எதுவும் அவ்வளவாகத் தெரிவதில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட்டம் அவரைச் சுற்றித்தான் நிற்கிறது. "பெத்த கையாலயே இப்படி ஆகிப்போச்சே, பாவம் அங்கப்பன்" என்கிறார்கள். வாசலில் நிற்கும் என்னிடம் ஒருவர், டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுப் போனார். செத்தது என் மனைவி. வண்டி அவர் பெயரில், ஃபவுண்டரி அவர் பெயரில், நான் குடியிருந்த வீடு அவர் பெயரில். மூன்று வருடத்தில் நானாக யோசித்து, யாரையும் கேட்காமல் செய்து முடித்த காரியம் இது ஒன்றுதான். இதையும் அவர் பெயரில் பதிவு செய்ய விட மாட்டேன்.

குழந்தை எப்படித் தப்பியது என்று கேட்கிறீர்கள். உங்கள் தாளில் அது இல்லை.

பிரவீனா குழந்தையோடுதான் முன் இருக்கையில் ஏறினாள். அங்கப்பன் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் படியிறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினாள். பாப்பாவைக் குடு, வளைவுல வாந்தி எடுப்பா என்றேன்.

"இவளாங்க?" என்றாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். தோப்பில் சிரித்த அதே சிரிப்பு. பிறகு ஜன்னல் வழியாகக் குழந்தையைக் கொடுத்தாள். வண்டி கேட்டைத் தாண்டும்வரை நான் குழந்தையின் கையைப் பிடித்து அவளுக்கு டாட்டா காட்டினேன். அவளும் திரும்பித் திரும்பிக் காட்டிக்கொண்டே போனாள்.

அவள் என் கணக்கில் இல்லை என்று ஒரு வரி எழுதச் சொன்னேனே, இன்ஸ்பெக்டர். அதை அடித்துவிடுங்கள்.