பெரிய எழுத்து

"உங்க புரோகிராம் எடிட்டர் செட்டிங்ல நான் கையே வைக்கல" என்றாள் முன் சீட்டுப் பெண்.

கண்டியிலிருந்து கம்பளை போகும் பஸ். அவள் பக்கத்தில் இருந்தவன் கணவன். அவனைச் சந்தேகத்தில் பொலிஸார் பிடித்துப்போய் மூன்று மாதம் வைத்திருந்து, அன்று காலைதான் விட்டிருக்கிறார்கள். எல்லாம் அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். ஆனால் அந்த நெரிசலில் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"அப்ப என் புரோகிராம் வேலையெல்லாம் யாரு செஞ்சது?"

"உங்க கம்பியூட்டர்லயே நான் எழுதி ஒபிஸுக்கு அனுப்பினேன்."

"அந்தக் கருப்புத் திரையிலயா? உனக்கு வெள்ளைதானே புடிக்கும்."

"ஷோர்ட்கட் கீயெல்லாம் உங்க இஷ்டத்துக்கு மாத்தி வச்சிருக்கீங்க. சேவ் பண்ணப் போயி மூணு தடவ அழிச்சிட்டேன்."

"உனக்கு ஏத்த மாதிரி மாத்தியிருக்கலாமே."

"மாத்துனா, நீங்க வரமாட்டீங்கன்னு நானே முடிவு பண்ணின மாதிரி இருந்துச்சு."

பேராதனைச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். இருவரின் அடையாள அட்டையையும் அவளே சேர்த்து நீட்டினாள். திரும்ப ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எழுத்த ஏங்க அவ்வளவு பெரிசா வச்சிருக்கீங்க? திரையில பத்து வரிகூடத் தெரியல. உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கில்ல. நீ குளிச்சிட்டு வந்து, கண்ணாடி போடாம என் கதிரைக்குப் பின்னால நின்னு பிழை கண்டுபிடிப்பியே. அதுக்குத்தான்."

கம்பளை வரும்வரை அவள் கண்ணாடியைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தாள்.